பெட்ரோல் டேங்க் துருவுக்கு சிட்ரிக் ஆசிட்: கிலோ பாக்கெட் எதைச் செய்யும், எங்கே காலை வாரும்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். பைக் டேங்குக்குள் ஏறிய துருவை எடுக்கக் கிடைக்கும் சாமான்களில் விலைக்கும் வேலைக்கும் ஒத்துவருவது, வெள்ளைப் பொடியாக விற்கும் சாதாரண சிட்ரிக் ஆசிட்தான். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு மதிப்பெண் குறைவதற்குக் காரணம், துருவை எடுத்த பிறகு நடப்பது. இரும்பு பளிச்சென்று தெரிந்த அரை மணி நேரத்துக்குள் மறுபடி ஆரஞ்சு நிறம் ஏறிவிடும். "சிட்ரிக் போட்டேன், மறுநாளே துரு வந்துடுச்சு" என்று புலம்புகிறவர்கள் பொடியைக் குறை சொல்கிறார்கள். கோட்டை விட்டது பெரும்பாலும் கழுவிக் காயவைத்ததில்தான்.

ஆர்எக்ஸ்100, பழைய புல்லட், யெஸ்டி என்று வருடக்கணக்கில் ஷெட்டில் கிடந்துவிட்டு மறுபடி ஓட்டத்துக்கு வரும் வண்டிகளில் இந்த வேலை தவிர்க்க முடியாதது. பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் டேங்குக்குள் போன சொட்டெல்லாம் அடியில்தான் தேங்கும். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்பதால், இடது பின் மூலையில் துரு அதிகம். பாதி டேங்கோடு நிறுத்தி வைத்த வண்டியில் மேல்கூரையும் துருப்பிடித்திருக்கும். இரவுக் குளிரில் காற்றிலுள்ள ஈரம் அங்கேதான் வியர்க்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை ஊற்றி மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெட்ரோல் மூடியைத் திறந்தால் கழுத்தைச் சுற்றியுள்ள பள்ளத்தில் சில வண்டிகளில் ஒரு சின்னத் துளை தெரியும். மழைத் தண்ணீர் வழிந்து கீழே போவதற்கான வழி அது. அதில் மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் மூடியைச் சுற்றித் தேங்கி, ரப்பர் வழியாக உள்ளே கசியும். துருவை எடுத்துவிட்டு இந்தத் துளையைக் கம்பி விட்டுக் குத்தாமல் விட்டால், அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு இதே வேலையை மறுபடி செய்ய வேண்டியதுதான்.

வாங்குவது சுலபம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று 50 கிராம், 100 கிராம் பாக்கெட்டில் கிடைக்கும். டேங்குக்கு அது கட்டுப்படியாகாது. இரசாயனக் கடையிலோ ஆன்லைனிலோ கிலோ பாக்கெட்டாக வாங்க வேண்டும். மோனோஹைட்ரேட், அன்ஹைட்ரஸ் என்று இரண்டு வகை இருக்கும். முன்னதில் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம் தண்ணீர். நம் வேலைக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. உணவுத் தரம் என்று கூடுதல் காசு கொடுக்கவும் தேவையில்லை. பொடி கட்டிதட்டியிருந்தாலும் வேலை செய்யும்.

அளவு: லேசான ஆரஞ்சுத் தூள் மட்டும் என்றால் லிட்டருக்கு 50 கிராம். கையில் சொரசொரவென்று தட்டுப்படும் துரு என்றால் லிட்டருக்கு 100 கிராம். ஸ்பிளெண்டர் பிளஸ்ஸின் டேங்க் 9.8 லிட்டர், ஆக அதற்கு ஒரு கிலோ பாக்கெட் சரியாக வரும். புல்லட் போன்ற பெரிய டேங்குக்கு ஒன்றரை கிலோ. தண்ணீர் 50 முதல் 60 டிகிரி சூட்டில் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஸ்டிக்கரும் வார்னிஷும் போய்விடும்.

இதைவிட நல்ல கலவை ஒன்று உண்டு. வெறும் சிட்ரிக் ஆசிட் கரைசலின் பி.எச். (எண் குறையக் குறைய ஆசிட் கடுமை) 2-க்கும் கீழே. அது துருவோடு நல்ல இரும்பையும் மெதுவாகத் தின்னும். லிட்டருக்கு 100 கிராம் சிட்ரிக் ஆசிடோடு 40 கிராம் சலவை சோடா சேர்த்தால் பி.எச். 4-ஐ ஒட்டி ஏறும். பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டால் துருவின் இடுக்குகளுக்குள் கரைசல் இறங்கும். துருவைக் கரைக்கும் வேகம் பெரிதாகக் குறையாது. இரும்பின் மேல் கடி மட்டும் நன்றாகக் குறையும். பழைய, மெல்லிய தகடு என்றால் இந்தக் கலவைதான் பாதுகாப்பு. சலவை சோடா பொடியாக இருந்தால் 40 கிராம். கண்ணாடிக் கல் மாதிரிப் படிகமாக இருந்தால் அதில் பாதிக்குமேல் தண்ணீர் என்பதால் 100 கிராமுக்குச் சற்று மேலே வேண்டும். இரண்டையும் கலக்கும்போது நுரை பொங்கும். ஆகவே வாளியில் சிறிது சிறிதாகச் சோடாவைப் போட்டுக் கலக்கி, நுரை அடங்கிய பிறகுதான் டேங்கில் ஊற்ற வேண்டும். டேங்குக்குள் கலக்கப் போனால் நுரை பெயிண்ட் மேல் வழியும்.

ஊற்றுவதற்கு முந்தைய வேலையைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள். காக் (டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்), மிதவை சென்சார், மூடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். காக்கின் உடல் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. சிட்ரிக்கில் ஓர் இரவு ஊறினால் பொரிந்துபோகும். இரண்டு போல்ட்டில் நிற்கும் காக் என்றால், அதே துளை அளவில் அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி, அடியில் சைக்கிள் டியூப் ரப்பர் வைத்து 6 எம்.எம். போல்ட் போட்டு மூடலாம். பழைய புல்லட் மாதிரி மரையில் ஏறும் காக் என்றால் ரப்பர் கார்க்கோ, லேத்தில் கடைந்த பிளக்கோ போதும். மூடிய பிறகு பச்சைத் தண்ணீரை ஊற்றி ஒரு மணி நேரம் வைத்து, ஒழுகுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். அடித்தையலில், அதாவது தகடுகள் சேரும் இணைப்பில், ஊசித் துளை இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். ஆசிட் ஊற்றிய பிறகு தெரிந்தால் பெயிண்ட் பாழ். துருதான் சில ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்கும், எடுத்ததும் திறந்துகொள்ளும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பெட்ரோல் காய்ந்து படிந்த மஞ்சள் பிசின் இருந்தால் எந்த ஆசிடும் துருவைத் தொடாது. வாசனை முழுக்கப் போகும்வரை சலவைத் தூளும் சுடுதண்ணீரும் விட்டு இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். அதற்கும் அசையாத பிசினுக்கு அசிட்டோன் அல்லது தின்னர் அரை லிட்டர் விட்டுச் சுழற்றலாம். திறந்த வெளியில், பீடி சிகரெட் பக்கத்தில் வராமல். உள்ளே பார்க்க எல்இடி டார்ச் மட்டும். காலி டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி, நிறைந்த டேங்கைவிட ஆபத்து.

செதில் செதிலாக உரியும் துரு இருந்தால் முதலில் அதை உதிர்க்க வேண்டும். 8 எம்.எம். நட்டுகள் ஒரு கைப்பிடி, ஒரு லிட்டர் சோப்புத் தண்ணீர், கால் மணி நேரக் குலுக்கல். உள்ளே போட்ட நட்டுகளை எண்ணி எழுதி வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் எண்ணிப் பார்க்க வேண்டும். கூர்மையான ஸ்குரூ தகட்டைக் கீறும். ஜல்லி உடைந்து தூளாகித் தையலில் போய் உட்காரும். பழைய செயினைப் போடச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. வேலை நன்றாகவே நடக்கும், ஆனால் வண்டிச் சட்டத்துக்காக டேங்கின் அடியில் ஓடும் நடுப்பள்ளத்தைத் தாண்டி மறுபக்கம் போய்ச் சுருண்டுகொண்டால் வெளியே எடுப்பதற்குள் பொழுது போய்விடும். செயினின் ஒரு நுனியில் கம்பி கட்டி வெளியே நீட்டிவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மூடியைச் சுற்றியும் டேங்கின் மேலும் கிரீஸ் அல்லது வாசலின் தடவிவிட்டு, கரைசலை விளிம்புவரை நிரப்புங்கள். பாதி ஊற்றிவிட்டுப் புரட்டிப் புரட்டி வைப்பது வீண் சிக்கனம். கரைசல் மட்டம் நின்ற இடத்தில் கோடு விழும், கூரைத் துரு அப்படியே இருக்கும். முன்னும் பின்னும் சாய்த்து அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். வாயை இறுக மூடக் கூடாது. ஆசிட் இரும்பைத் தொடும்போது ஹைட்ரஜன் வரும், அழுத்தம் ஏறினால் பீய்ச்சியடிக்கும்.

லேசான துருவுக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம். நடுத்தரத்துக்கு ஓர் இரவு. கரைசல் பச்சை கலந்த மஞ்சளுக்கு மாறி, கடைசியில் கடுந்தேநீர் நிறத்துக்குப் போகும். மோசமான டேங்குக்கு 12 மணி நேரம் வீதம் இரண்டு முறை புதுக் கரைசல் ஊற்றுவது, ஒரே கரைசலை இரண்டு நாள் வைப்பதைவிட நல்லது. நாள் கணக்கில் விட்டால் இரும்பு கருஞ்சாம்பலாக அரித்து, மஞ்சள் களிம்பு ஒன்று மூலைகளில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் கழுவினால் அது போகாது. 5 சதவீதப் புதுக் கரைசலைச் சூடாக ஊற்றிப் பத்து நிமிடம் சுழற்றினால் கரையும். மொபைலில் செருகும் குச்சிக் கேமரா ஒன்று கையில் இருந்தால் மணி பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை.

அடுத்த அரை மணி நேரத்தில்தான் வேலை கெடும், அல்லது நிலைக்கும். கரைசலை வெளியேற்றுவதற்கு முன்பே எல்லாம் எடுத்து வைத்திருக்க வேண்டும்: பத்து லிட்டர் தண்ணீரில் 200 கிராம் ஆப்பசோடா கரைத்த வாளி, இரண்டு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர், அரை லிட்டர் ஐசோபுரோபைல் ஆல்கஹால், 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்). ஆசிட் வெளியே போன கையோடு சோடாத் தண்ணீர் உள்ளே போக வேண்டும்; நடுவில் வெறும் தண்ணீரில் அலசக் கூடாது. காற்று பட்ட ஈர இரும்பு, அதுவும் ஆசிட் மிச்சம் ஒட்டியிருக்கும் இரும்பு, கண் முன்னாலேயே சிவக்கும். சோடாத் தண்ணீரை நன்றாகக் குலுக்கி ஐந்து நிமிடம் வைத்தால் நுரை அடங்கும். போர்வெல் தண்ணீர் என்றால் இங்கே வெள்ளைப் படிவு வரலாம், அது சுண்ணாம்பு. உப்புத் தண்ணீரில் உள்ள குளோரைடு துருவை இன்னும் விரட்டி வரவழைக்கும். அதனால்தான் கடைசி அலசல் ஆர்.ஓ. தண்ணீரில்.

தண்ணீரை வடிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டேங்கின் அடியில் வண்டிச் சட்டத்துக்காக நடுவில் பள்ளம் ஓடும். இரண்டு பக்கமும் தனித்தனித் தொட்டி மாதிரி. காக் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும், மறுபக்கத் தண்ணீர் அங்கேயே நிற்கும். கவிழ்த்தாலும் மூடிக் கழுத்து உள்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதால் அதைச் சுற்றி ஒரு டம்ளர் தண்ணீர் தங்கிவிடும். கவிழ்த்து, சாய்த்து, காக் துளை கீழே வரும்படி பிடித்து, மிச்சத்தைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்த பிறகு ஆல்கஹாலை ஊற்றிச் சுழற்றினால் அது தங்கிய ஈரத்தையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். அப்புறம் காற்று. ஆல்கஹால் ஊற்றிய டேங்குக்குள் ஹேர் டிரையர் விடவே கூடாது, உள்ளே சிவக்கும் கம்பி தீப்பிடிக்க வைக்கும். நம் ஊர் வெயிலில் மூடியும் காக்கும் திறந்தபடி ஒரு மணி நேரம் வைத்தாலே போதும். ஆல்கஹால் இல்லாதவர்கள் டிரையர் பிடிக்கலாம்; ஆனால் பெட்ரோல், தின்னர் வாசனை துளியும் இருக்கக் கூடாது. பஞ்சர் கடைக் கம்ப்ரெஸரில் காற்று பிடிப்பதென்றால் முதலில் அதன் தொட்டியில் உள்ள தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

காய்ந்ததும் அரை லிட்டர் பெட்ரோலில் 100 மில்லி 2டி ஆயில் கலந்து எல்லாப் பக்கமும் படும்படி சுழற்றி வடித்துவிட்டு, அன்றைக்கே டேங்கை நிரப்ப வேண்டும். உள்ளே மங்கிய சாம்பல் நிறம் தெரிந்தால் அதுதான் சரியான முடிவு. வெள்ளி போல மின்ன வேண்டும் என்று எதிர்பார்த்து மறுபடி ஆசிட் ஊற்றாதீர்கள்.

மற்ற சாமான்களைப் பார்ப்போம். பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கிகளுக்கு மூன்றரை. துருவை எடுத்த இடத்தில் இரும்பு பாஸ்பேட் பூச்சு விடுவதால் மறுபடி துரு ஏறுவது நிதானப்படும், காயவைக்கும் பதற்றமும் குறைவு. ஆனால் பத்து லிட்டருக்கு வாங்கினால் செலவு எங்கேயோ போய்விடும். கலப்பு விகிதத்தை லேபிளில் உள்ளபடி பின்பற்ற வேண்டும். இவாப்போ-ரஸ்ட் போன்ற, ஆசிட் இல்லாமல் துருவிலுள்ள இரும்பைப் பிடித்து இழுக்கும் திரவங்கள் நல்ல இரும்பைத் தொடுவதில்லை, கையில் பட்டாலும் பயமில்லை. குறை விலைதான். சலவை சோடா சேர்த்த சிட்ரிக் கலவை அந்த வேலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

கழிவறை கழுவும் நீலத் திரவமும், தெருவில் "ஆசிட், பினாயில்" என்று கூவி விற்கும் ஆசிடும் ஹைட்ரோகுளோரிக். துரு நிமிடங்களில் போகும் என்பது உண்மை. அதே வேகத்தில் தகடும் போகும், உள்ளே துத்தநாகப் பூச்சு இருந்தால் அது முதலில் போகும். தையலுக்குள் புகுந்த குளோரைடை முழுக்கக் கழுவி எடுக்க வழியில்லை. வாரக்கணக்கில் அங்கிருந்தே துரு கிளம்பும். ஆவியும் நுரையீரலுக்கு ஆகாது. மதிப்பெண் ஒன்று, அதுவும் வேகத்துக்காக.

வினிகரில் அசிட்டிக் ஆசிட் 4, 5 சதவீதம்தான். வேலை செய்யும், ஆனால் மெதுவாக, பத்து லிட்டர் வாங்கும் காசுக்கு சிட்ரிக் தாராளமாக வந்துவிடும். கோலாவில் சர்க்கரைதான் மிஞ்சும். புளித் தண்ணீர் ஊற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதைப் பித்தளைக் குத்துவிளக்குக்கு வைத்துக்கொள்ளலாம், நார் போய் கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டை அடைக்கும்.

மின்சாரம் வைத்துத் துரு எடுப்பது இரும்பைக் கொஞ்சமும் தின்னாத முறை. லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், நெகட்டிவ் டேங்கில், பாசிட்டிவ் நடுவே தொங்கும் இரும்புக் கம்பியில். கம்பி டேங்கைத் தொடக் கூடாது. ஸ்டெயின்லெஸ் கம்பி போட்டால் குரோமியம் விஷமாகக் கரையும். வயரை மாற்றிக் கொடுத்தால் டேங்கையே தின்றுவிடும். கம்பிக்கு நேராகத் தெரியும் இடங்களில் மட்டும் வேலை நடப்பதால் நடுப்பள்ளத்தின் ஓரங்கள் அப்படியே நிற்கும். பொறுமை உள்ளவர்களுக்கு மூன்று மதிப்பெண்.

டேங்க் கோட்டிங் பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. கிரீம், பிஓஆர்-15, காஸ்வெல் என்று இறக்குமதிப் பெயர்கள் நிறைய. ஓட்டை இல்லாத டேங்குக்கு இது தேவையே இல்லை. எண்ணெயோ ஈரமோ துருத்தூளோ மிச்சமிருந்த இடத்தில் பூசினால் ஓரிரு வருடத்தில் தோல் தோலாக உரிந்து காக்கின் வாயை அடைக்கும். துரு பில்டரில் நிற்கும். உரிந்த பிளாஸ்டிக் தோலோ வண்டியை நடுரோட்டில் நிறுத்தும். பட்டறைகளில் பைபர் ரெசினை ஊற்றிக் கோட்டிங் என்று கொடுப்பதும் நடக்கிறது. பாலியெஸ்டர் ரெசின் எத்தனால் பெட்ரோலில் இளகிக் கொழகொழத்து கார்புரேட்டருக்குள் போகும். பூசியே ஆக வேண்டும் என்றால் எபாக்ஸி வகை, எத்தனாலைத் தாங்கும் என்று லேபிளில் எழுதியிருப்பது, அதுவும் அசிட்டோன் விட்டு எண்ணெய்ப் பசை போக்கிய பிறகு.

சிட்ரிக்கின் எல்லையும் இருக்கிறது. உள்ளே பூச்சு இன்னும் நன்றாக இருந்து, மூடிப் பக்கம் மட்டும் கொஞ்சம் தூள் தெரியும் டேங்கில் இதை ஊற்றினால் நல்ல பூச்சும் கரைந்து, இல்லாத துருவை நாமே வரவழைத்ததாகும். அங்கே துடைத்து, தண்ணீரை வடித்து, டேங்கை நிரப்பியே வைத்திருந்தால் போதும். பிஎஸ்6 புகை விதிப்படி வந்த பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதை முழுக்கக் கழற்றாமல் ஒரு சொட்டு ஆசிடும் உள்ளே போகக் கூடாது. திரும்ப மாட்டும்போது புது ஓ-ரிங் போடுங்கள், பெட்ரோலில் ஊறி உப்பிய பழைய ரிங் சரியாக உட்காராது.

கழிவை ஆப்பசோடா போட்டு நுரை நிற்கும்வரை சமன் செய்துவிட்டு அப்புறப்படுத்துங்கள். கிணற்றடியிலோ செடியிலோ ஊற்ற வேண்டாம், கூடவே பெட்ரோல் பிசினும் இருக்கிறது. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம்.

வண்டியில் மாட்டிய பிறகு கார்புரேட்டர் வண்டி என்றால், உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பில்டர் ஒன்றைக் குழாயில் போட்டு, முதல் இரண்டு டேங்க் பெட்ரோல் தீரும்வரை பார்த்துக்கொள்ளலாம். அடியில் கொஞ்சம் கருந்தூள் வருவது சாதாரணம். ஆரஞ்சுத் தூள் வந்தால் காயவைத்ததில் கோளாறு: ஆறு மணி நேர லேசான ஊறலும், ஒழுங்கான சோடா அலசலும் மறுபடி. ஐடிலில் வண்டி அணைந்துகொண்டே இருந்தால் பைலட் ஜெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும், துருத்தூள் முதலில் அடைப்பது அதைத்தான்.

அடித்தகட்டை ஸ்குரூ டிரைவர் நுனியால் அழுத்தும்போது அமுங்கினால் ஆசிட் வாங்கும் காசை மிச்சப்படுத்துங்கள். கேஸ் வெல்டிங் வைக்கும் டிங்கரிடமோ, சென்னையில் என்றால் பழைய உதிரிபாகக் கடைகள் உள்ள புதுப்பேட்டைப் பக்கமோ போக வேண்டிய டேங்க் அது. அங்கே பழைய டேங்க் எடுப்பவர்கள் காசு கொடுக்கும் முன் காக் துளை வழியாக டார்ச் அடித்து, நடுப்பள்ளத்தின் இரண்டு பக்கத் தையலையும் பார்க்க வேண்டும். வெளியே புதுப் பெயிண்ட் மினுமினுக்கும் டேங்குக்கு இந்தச் சோதனையை இரண்டு முறை செய்யலாம்.